மணலில் இறங்காத நாற்காலி

முத்துராக்கு வந்து கேட்டது
ஒரு நாற்காலி.
"ஈரச் சேலையோட உக்காரணும்.
பாறையில உக்காந்து உக்காந்து
இடுப்பு செத்துப்போச்சு."

நான் ஆசாரி இல்லை,
சின்னப்பாலத்தில் ஃபைபர் வத்தைகளுக்கு
ஓட்டை அடைக்கிறவன்.
சொன்னேன்.
கேட்டுக்கொண்டாள், போகவில்லை.
விரல்களில் சுற்றிய துணியிலிருந்து
கடல் சொட்டிக்கொண்டிருந்தது.

அவளிடம் முன்பே ஒன்று இருந்தது,
சிவப்பு பிளாஸ்டிக்,
முதுகில் ஏதோ கல்யாண மண்டபத்தின் பெயர்.
கரையில் போட்டு உட்கார்ந்தால்
நான்கு காலும் நான்கு ஆழத்துக்கு இறங்கும்.
போன ஆனியில் ஒரு கால் பிளந்து
தொடையைக் கவ்வியது.
தழும்பைக் காட்டவில்லை,
நீளத்தை மட்டும் கையால் அளந்து காட்டினாள்.

குற்றம் காலில்தான் என்று
அன்று இரவே தெரிந்துவிட்டது.
மணலில் யாராவது கால் ஊன்றுவார்களா?
வத்தைக்கு எங்கே இருக்கிறது கால்?
ஏராதான் இருக்கிறது,
நெடுக்கக் கிடந்து
பாரத்தைப் பங்கு வைத்தபடி.

உச்சிப்புளியில் சீனி அகமதுவின் கரிமூட்டம்.
நேரான சீமைக்கருவேலம் உள்ளே போகும்.
கோணல் கட்டை அடுக்கில் அடங்காது,
சந்து விடும், காற்றை அழைக்கும்,
கரியாக வேண்டியதைச் சாம்பலாக்கும்
என்று ஓரமாக எறிந்திருந்தார்.
எனக்கு வேண்டியது அந்தக் கோணல்.
படகின் வங்கு மாதிரி
முழங்காலாய் மடங்கிய கிளை;
வளர்ந்தபோதே வளைந்த மூலை.
அறுத்து ஒட்டும் மூலைக்கு
அந்தப் பிடிவாதம் வராது.
"ஊர்த் தண்ணியெல்லாம் குடிச்ச சனியன்,
தூக்கிட்டுப் போ" என்றார்.
கட்டைக்கு நூற்றைம்பது வாங்கினார்.
முள் இலவசம்.

ஆணி கிடையாது.
இங்கே காற்றே இரும்பைத் தின்னும்,
பாலத்தைக் கேட்டால் சொல்லும்.
பனை வைரத்தில் முளை சீவி இறக்கினேன்.
உப்புத் தண்ணீர் பட்டால் உப்பும்,
உப்ப உப்ப இறுகும்.

இருக்கைக்கு,
கச்சான் கரையில் தள்ளிய செத்த வலை.
பச்சை நைலான்.
உள்ளே மூன்று நண்டுக் கூடும்
ஆமையோட்டின் ஒரு சில்லும்.
இரண்டு நாள் பிரித்து
தண்ணீர் தங்காதபடி கண் விட்டுப் பின்னினேன்.
ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை.
ராமேஸ்வரத்துக் கையோ தலைமன்னார்க் கையோ,
ஊசியும் தோற்றது, பல்லும் தோற்றது.
இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

முதல் தடவை சரிவரவில்லை.
உயரத்தை என் முழங்காலுக்கு வைத்திருந்தேன்.
"பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி இருக்கேன்"
என்று தொங்கிய பாதங்களை ஆட்டினாள்.
முடிச்சு இடுப்பெலும்பில் உறுத்தியது.
நான்கு விரல் குறைத்தேன்,
முடிச்சை வலது ஓரத்துக்கு நகர்த்தினேன்.

மறுவாரம் போய்ப் பார்த்தால்
வழக்கமான இடத்தில் நாற்காலி இல்லை.
மணலில் இரண்டு கோடுகள்,
தண்டவாளம் போல, விலகாமல், சேராமல்.
பின்தொடர்ந்தேன்.
இருக்கையில் மூன்று சாக்கு பாசி,
கயிறு கட்டி இழுத்துக்கொண்டு
முன்னே முத்துராக்கு.
தலைச்சுமை இல்லாத அவள் கழுத்தை
அன்றுதான் பார்த்தேன்.
"இதுக்குத்தான அடியில இப்படிப் பண்ணுன?"
ஆமாம் என்றேன்.
பொய்.
முன்பக்கம் மணல் குவிந்து தடுக்குவதையும்
அப்போதுதான் பார்த்தேன்.
அடுத்ததற்கு நுனி நிமிர்ந்த கிளை தேட வேண்டும்.

யாரோ படம் எடுத்து அனுப்ப
சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.
ஐம்பது வேண்டுமாம், எல்லாம் ஒரே அச்சில்.
கருவேலத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
சிரிப்பு வரவில்லை அவருக்கு.

பாக்கி முந்நூறு கேட்கப் போனேன்.
உட்கார்ந்திருந்தாள்,
சேலையின் ஈரம் வலைக்கண் வழியே
மணலுக்குத் திரும்பிக்கொண்டிருக்க,
வலது கை ஓரத்து முடிச்சை
நெருடிக்கொண்டிருந்தது.
"இத அவுத்துட்டுத் தாரேன்" என்றாள்.